தோட்டா தொழிற்சாலை வேலை: தம்பி போகலாமா?

வெள்ளவத்தை அக்கா: தம்பிக்கு வெளிநாட்டில் துப்பாக்கித் தோட்டா செய்யும் தொழிற்சாலையில் வேலை இருக்கிறதாம், சம்பளமும் நல்லது. அம்மா 2016 ஜூனில் இலங்கையில் சாலாவ இராணுவ முகாம் ஆயுதக் கிடங்கு வெடித்ததை நினைத்துப் பயப்படுகிறா. உண்மையிலேயே எவ்வளவு ஆபத்து?

கொட்டாஞ்சேனைக்காரன்: அக்கா, சாலாவவில் வெடித்தது கிடங்கு, இது தொழிற்சாலை, ஆபத்து வேறு மாதிரி. எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கோ. தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயம் கலந்த வெடிமருந்துதான், காய்ந்திருந்தால் உடம்பில் சேரும் நிலைமின்சாரப் பொறியே அதை வெடிக்க வைக்கும், அதனால்தான் ஈரமாக வைத்துக் கலப்பார்கள், நைலோன் உடுப்பும் போட விடமாட்டார்கள். பித்தளைக் கோது செய்யும் பக்கமென்றால் சாதாரண மெஷின் வேலை, விரல் கவனம், சத்தம் காதைக் கெடுக்கும், அவ்வளவுதான்.

மருதானை டொக்டர்: வெடிப்பை விட எனக்குப் பயம் ஈயம். தூசு கையில் ஒட்டி சாப்பாட்டோடு உள்ளே போகும், உடுப்போடு வீட்டுக்கும் வரும், பிள்ளைகளுக்கு அது இன்னும் மோசம். இரத்தத்தில் ஈய அளவை ஒழுங்காகப் பார்க்கிறார்களா, குளித்து உடுப்பு மாற்ற அங்கேயே இடம் உண்டா? குண்டு நிரப்பும் இடமென்றால் டிஎன்டி என்ற வெடிமருந்து தோலாலும் உள்ளே போகும், முதலாம் உலகப் போரில் பிரிட்டனில் அந்த வேலை செய்த பெண்களின் தோல் மஞ்சளாகி, சிலர் ஈரல் கெட்டு இறந்தே போனார்கள்.

வெள்ளவத்தை அக்கா: பக்கிங் பிரிவு என்று ஏஜென்சி வாயால் சொல்கிறது, கடிதத்தில் இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்: அப்போ எழுத்தில் வரும்வரை பாஸ்போட்டைக் கொடுக்க வேண்டாம். ஏஜென்சி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்ததா என்றும் பாருங்கோ.