சிங்கப்பூரில் கடும் உடற்குறை வந்தவர்களுக்கு மாதந்தோறும் பணம் தரும் காப்புறுதித் திட்டங்களான எல்டர்ஷீல்டு, கேர்ஷீல்டு பணத்துக்கு விண்ணப்பித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மல்லிகா, ஈசூன்:
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையில் சமூக சேவகி சொல்லித்தான் எல்டர்ஷீல்டு ஞாபகமே வந்தது. 2002இல் திட்டம் தொடங்கியபோதே அம்மாவைச் சேர்த்திருக்கிறார்கள். பிரீமியம் மெடிசேவிலிருந்து, அதாவது மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்புக் கணக்கிலிருந்து, போனதால் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இதில் என்ன நோய் என்று பார்ப்பதில்லை. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, இந்த ஆறில் மூன்றையாவது அடுத்தவர் துணையில்லாமல் செய்ய முடியாமல் இருக்க வேண்டும். சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளர் பார்த்துச் சொல்வார். முதல் மதிப்பீடு இலவசம். வெளியே போக முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வருவார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த மருத்துவரிடம் அம்மா, "நானே குளிச்சிக்குவேன் டாக்டர், நானே உடுத்திக்குவேன்" என்றார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தும் உட்கார்ந்தார். வெளியாள் முன்னால் முடியாது என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? நல்ல வேளை, அந்த மருத்துவர் அதோடு விடவில்லை. ஒரு சட்டையை மடியில் வைத்து, "போட்டுக் காட்டுங்கம்மா" என்றார். இடக்கையால் வலக்கையைத் தூக்கிச் சட்டைக்கைக்குள் நுழைக்கப் பார்த்தார். கை நழுவி நழுவி விழுந்தது. அக்கா எழுந்து உதவப் போனதை மருத்துவர் தடுத்துவிட்டார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

ஒப்புதல் கிடைத்தது. மாதம் 300 வெள்ளி, 60 மாதங்களுக்கு. 2007 செப்டம்பரிலிருந்து சேர்ந்தவர்களுக்கு 400 வெள்ளி, 72 மாதங்கள். பணிப்பெண் சம்பளத்துக்கே இது பற்றாது. மெடிசேவ் கேர் என்ற திட்டம் வழியாக அம்மாவின் மெடிசேவ் கணக்கிலிருந்தும், மீதித் தொகையைப் பொறுத்து, மாதம் 200 வெள்ளி வரை எடுக்க முடிந்தது பெரிய ஆறுதல். அதற்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

தேவி, செங்காங்:
இதெல்லாம் வயதானவர்களுக்கு என்று யாரும் இருந்துவிடாதீர்கள். என் கணவர் 1983இல் பிறந்தவர். விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. 2020 அக்டோபரில் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃபில், 1980லும் அதற்குப் பிறகும் பிறந்த சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் 30 வயதிலிருந்து கட்டாயமாகச் சேர்ந்தவர்கள்தான். அவருக்கு 2024இல் பணம் வரத் தொடங்கியது, மாதம் 649 வெள்ளி. வருடா வருடம் தொகை கூடுவது இன்னும் பணம் கேட்காதவர்களுக்குத்தான். கேட்டவருக்கு அந்த ஆண்டின் தொகையே நிலைக்கும். ஆனால் இத்தனை மாதம்தான் என்ற வரம்பு இல்லை. இதே நிலை நீடித்தால் ஆயுள் முழுக்க வரும், பிரீமியமும் கட்ட வேண்டியதில்லை. எல்டர்ஷீல்டில் 5, 6 வருடத்தோடு நின்றுபோவதை நினைத்தால் மல்லிகா அக்காவின் அம்மா தலைமுறைக்கு நியாயம் நடக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

குமரன், பூன் லே:
எங்களுக்குக் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு பார்க்கின்சன். குளிக்கவும் உடுத்தவும் ஆள் வேண்டும். மற்ற நான்கையும் மெதுவாக, நடுங்கிக்கொண்டே, தானே செய்துவிடுகிறார். ஆறில் இரண்டு என்று எழுதி நிராகரித்தார்கள். இவற்றோடு கூடுதலாக எடுக்கக்கூடிய, தனியார் காப்புறுதி நிறுவனங்களின் துணைத் திட்டங்களில் ஒன்றிரண்டு முடியாவிட்டாலே பணம் தருபவை உண்டு, பிரீமியத்துக்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 600 வெள்ளி வரை எடுக்கலாம். நோய் வந்த பிறகு எந்த நிறுவனம் சேர்த்துக்கொள்ளும்? அப்பாவுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. நானும் தம்பியும் போன மாதம் அப்படியொரு திட்டத்தில் சேர்ந்துவிட்டோம்.

மல்லிகா, ஈசூன்:
குமரன், அப்பாவுக்கு இன்னும் ஒன்று முடியாமல் போனால் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். இந்த முறை மதிப்பீட்டுக்குக் கட்டணம் இருக்கும். எந்த வேலைக்கு யார் கைகொடுக்கிறீர்கள் என்று இப்போதிருந்தே எழுதிவையுங்கள். அப்பாவே பேசட்டும் என்று ஒதுங்கி நிற்காமல், நீங்களும் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்.