தஞ்சாவூர் – காரைக்கால் ரூட்: கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறீர்கள்?

ஓடம்போக்கிக்கரை:
ஓப்பன் ரெயில்ஸ் என்ற கணினி ரயில் சிமுலேட்டரில் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் வழியாகக் காரைக்கால் வரை ரூட் போடுகிறேன். கொரடாச்சேரி வரை தண்டவாளம் முடிந்தது. ஆனால் கட்டடம், பாலம் போன்றவற்றின் முப்பரிமாண மாதிரிகள் கிடக்கும் ஷேப்ஸ் கோப்புறையைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. ‘ஸ்டேஷன்2’, ‘பாலம்_புதுசு’, ‘பாலம்_புதுசு_கடைசி’ என்று கிடக்கின்றன. போதாக்குறைக்கு, நேற்று இறக்கிய ஓர் எஞ்சின் தொகுப்பும் என்னிடம் இருந்ததும் ஒரே கோப்புறைப் பெயரில் வந்ததால் பழையது அழிந்துவிட்டது. நீங்கள் என்ன முறை வைத்திருக்கிறீர்கள்?

நெல்மணி:
எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பெயர் வையுங்கள். யாருடைய கோப்போடும் மோதாது!

குடந்தை லூப்லைன்:
மோதாதுதான், ஆனால் பழைய ஷேப் கருவிகள் முரண்டு பிடிக்கும். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தம்பி, ஊர்ப்பெயரை வைத்துத் தொடங்காதீர்கள், ஸ்டேஷன் கோடை, அதாவது ரயில்வே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கொடுத்த ஆங்கிலச் சுருக்கெழுத்தை, வையுங்கள். மாயவரம் 1982இல் மயிலாடுதுறை ஆகியும் கோடு இன்றுவரை எம்.வி.தான். தஞ்சாவூர் டி.ஜே., நீடாமங்கலம் என்.எம்.ஜே., திருவாரூர் டி.வி.ஆர்., காரைக்கால் கே.ஐ.கே. இரண்டு ஸ்டேஷனுக்கு ஒரே கோடு கிடையாது என்பதால் அதற்குமேல் யோசிக்கவே வேண்டாம்.

‘பழைய’, ‘புதிய’ என்ற சொற்களையும் விட்டுவிடுங்கள். நாகப்பட்டினம் பாதை 1861இல் அகலப்பாதையாகத்தான் பிறந்தது. 1870களில் மீட்டர்கேஜ் ஆகி, நம் காலத்தில் மறுபடி அகலப்பாதையானது. இதில் எது பழையது? ரயில்வே எஞ்சின்களுக்கு வைத்த எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: அகலப்பாதைக்கு டபிள்யூ, மீட்டர்கேஜுக்கு ஒய். டி.வி.ஆர்._ஒய்_கேபின் என்றால் ஒய்.டி.எம்.-4 என்ற மீட்டர்கேஜ் டீசல் எஞ்சின் ஓடிய காலத்துத் திருவாரூர் சிக்னல் கேபின் என்று எவருக்கும் புரியும்.

ஆனால் எல்லாவற்றிலும் ஸ்டேஷன் கோடை ஒட்டாதீர்கள். டெல்டாவில் வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம். அத்தனைக்கும் ஊர்ப்பெயர் வைத்தால் ஒரே இரும்பு கர்டருக்கு (பாலத்தைத் தாங்கும் உத்தரம்) ஐம்பது பெயர் முளைக்கும். திரும்பத் திரும்ப வருவதற்கு வகையும் அளவும் போதும்: பிளேட் கர்டர் 12.2 மீட்டர், 18.3 மீட்டர். ஓரிடத்தில் மட்டும் நிற்பதற்குத்தான் கோடு.

வயலுக்கு நம் ஆட்கள் குறுவை_வயல், சம்பா_வயல் என்று தனித்தனியாக ஷேப் செய்து இடத்தை அடைக்கிறார்கள். வேண்டியதே இல்லை. ஷேப்பின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரின் பெயர் ஒன்றாகவே இருக்கட்டும். பருவத்துக்கென்று இருக்கும் துணைக் கோப்புறைகளில் அதே பெயரில் வேறு படம் வையுங்கள்: வின்டரில் கதிர் முற்றிய சம்பா, ஸ்பிரிங்கில் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து. ஷேப்போடு வரும் எஸ்.டி. கோப்பில் மாற்று டெக்ஸ்சர் எண்ணைப் போட்டால்தான் இது வேலை செய்யும்.

எஞ்சின் மோதியதற்குக் காரணம், எஞ்சின்களும் பெட்டிகளும் இருக்கும் டிரெயின்செட் கோப்புறை எல்லா ரூட்டுக்கும் பொது. கோப்புறைப் பெயரின் முன்னால் செய்தவரின் சுருக்கெழுத்து இருந்தால் இந்தத் தொல்லை வராது. அதற்காக இறக்கியவற்றின் பெயரை இப்போது மாற்றக் கிளம்பாதீர்கள். ஒரு வண்டியில் எவையெவை சேர்ந்திருக்கின்றன என்று சொல்லும் கன்சிஸ்ட் கோப்பில் எஞ்சினின் பெயரும் கோப்புறைப் பெயரும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். ஒன்றைத் தொட்டால் வண்டி கிளம்பாது.

ஓடம்போக்கிக்கரை:
மிக்க நன்றி அண்ணா. பிளாட்பாரத்தில் காட்டும் பெயருக்கும் கோடு போதுமா? திருவாரூரை ஆங்கிலத்தில் ஒரு போர்டில் எச் சேர்த்தும், இன்னொன்றில் இல்லாமலும் பார்த்திருக்கிறேன்.

குடந்தை லூப்லைன்:
அங்கே முழுப்பெயர் வேண்டும், ஓட்டுகிறவர் பார்ப்பது அதைத்தான். எச் வைப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஆனால் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். டைம்டேபிளில் எழுதும் பெயர் ரூட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் அந்த ஸ்டேஷனை நிரல் கண்டுகொள்ளாது. ரயில்வே கால அட்டவணையில் இருப்பதை அப்படியே எடுப்பது உத்தமம்.

போட்டு முடித்த ஷேப்களின் பெயரை மாற்றுவதென்றால் எந்த ஷேப் எங்கே நிற்கிறது என்று குறிக்கும் வேர்ல்டு கோப்புகள் ஒவ்வொன்றிலும் மாற்றியாக வேண்டும். முதலில் ரூட்டை முழுதாகப் பிரதி எடுங்கள். கொரடாச்சேரியோடு நிற்கும்போதே செய்துவிடுங்கள், நாகூர் போனபின் கை வலிக்கும்.

நெல்மணி:
நீடாமங்கலம் லெவல் கிராசிங்குக்கு என்ன பெயர்?

குடந்தை லூப்லைன்:
என்.எம்.ஜே._எல்.சி. கேட் எப்போதும் மூடியே இருக்கிற மாதிரி ஒரு ஷேப் செய்தால் போதும், யாரும் பிழை என்று சொல்லமாட்டார்கள்.