முந்திரிக் கொல்லையை சோலாருக்குக் குத்தகை விடலாமா?

கொல்லைக்காரன், குறிஞ்சிப்பாடி:
சோலார் கம்பெனி தரகர் ஒருத்தர் வந்துட்டுப் போனார். எங்க ஊர் முந்திரிக் கொல்லைங்களை மொத்தமா 25 வருஷக் குத்தகைக்குக் கேக்குறாங்க. 2011 தானே புயல்ல சாஞ்ச மரங்களுக்குப் பதிலா வச்ச ஒட்டுக் கன்னுங்க இப்பதான் நல்லாக் காய்க்குது. எனக்கு விடலாம்னு இருக்கு, அப்பா கூடவே கூடாதுங்கிறார்.

நெய்வேலி நிழல்:
யோசிக்காம விடுங்க. 2023 ஜூலையில வளையமாதேவியில நின்ன நெல்லு மேலயே பொக்லைன் விட்டு நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வாய்க்கால் தோண்டினாங்களே, மறந்துட்டீங்களா? குத்தகையில பட்டா உங்க பேர்லயே இருக்கும்.

புவனகிரி பொன்னி:
தம்பி, கணக்கையும் பாருங்க. 1 மெகாவாட் சோலாருக்கு 4, 5 ஏக்கர் வேணும். கமுதியில 648 மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 2,500 ஏக்கர். ராத்திரி, மேகமெல்லாம் கழிச்சா வருஷத்துக்குக் கிடைக்கிறது முழுத் திறன்ல அஞ்சுல ஒரு பங்குதான். 1,000 மெகாவாட் பழுப்பு நிலக்கரி நிலையம் 70 சதவீதம் ஓடுதுன்னு வச்சுக்குங்க. அதே அளவு கரண்டுக்கு 3,500 மெகாவாட் சோலார் போடணும். குறைஞ்சது 14,000 ஏக்கர், அதுவும் ஒரே மூச்சுல. எந்த ஊரைக் காலி பண்றது?

நெய்வேலி நிழல்:
பேனல் போட்ட இடத்துலயே நிக்கும்க்கா. சுரங்கம் வருஷா வருஷம் நகர்ந்துக்கிட்டே இருக்கும். அடியில அழுத்தத்தோட நிக்கிற ஊத்துத் தண்ணியை ராவும் பகலும் இறைச்சாத்தான் கரியே வெட்ட முடியும். பேனலைக் கழட்டினா மறு பட்டத்துக்கு எள்ளு விதைக்கலாம். சுரங்கக் குழியில என்னத்தை விதைப்பீங்க?

பண்ருட்டிப் பலாக்கொட்டை:
ரெண்டு பேரும் பட்டாக்காரர் கணக்கையே பேசுறீங்க. சித்திரை வெயில்ல கொல்லையில குனிஞ்சு பழம் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுக்கிற பொம்பளைங்களுக்கு ஏது பட்டா? அப்புறம் உடைக்கிற வேலை, கொட்டைப் பால் பட்டு விரல் தோல் உரிஞ்சு கறுத்துக் கிடக்கும். சருகு அள்றது, ஆடு ஓட்றது எல்லாம் அதே கொல்லையிலதான். வேலி போட்ட அன்னைக்கே அத்தனையும் போச்சு. வாடகையில அவங்களுக்குப் பத்து பைசா வராது.

மொட்டைமாடி, புதுச்சேரி:
கொல்லை எதுக்கு, மாடிங்க சும்மாதானே காயுது? 300 சதுர அடியில 3 கிலோவாட், ஒரு நாளைக்கு 12 யூனிட் வரும். சூர்யா கர் திட்டத்துல மத்திய மானியமே 78,000 ரூபா.

புவனகிரி பொன்னி:
வீட்டுக்கு அது போதும் சார். சிப்காட் ஆலைங்களை எந்த மாடியில ஓட்றது?

நெய்வேலி நிழல்:
பலாக்கொட்டை சொல்றது நியாயம்தான், அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா கொல்லைக்காரரே, விடுறதா இருந்தா பத்திரத்தைப் பதிவு பண்ணாம விடாதீங்க. கம்பெனி நடுவுல கைமாறினா வாடகைக்கு யார் பொறுப்பு, 25 வருஷம் கழிச்சு இரும்புத் தூணைப் பிடுங்குற செலவு யாரோடதுன்னு அதுலயே எழுதி வாங்குங்க.

பண்ருட்டிப் பலாக்கொட்டை:
பேனல் கழுவத் தண்ணி எங்க எடுப்பாங்கன்னும் கேளுங்க. காய்க்கிற மரத்தை ஏன் வெட்டணும், தரிசு இருந்தா அதைக் காட்டுங்களேன்.

கொல்லைக்காரன்:
காட்டினேனே! ஊருக்கு மேற்கால தரிசு கிடக்கு. அது துணை மின்நிலையத்துக்குத் தூரமாம், லைன் இழுக்கிற செலவு கட்டாதாம்.

புவனகிரி பொன்னி:
பாத்தீங்களா. லைன் இழுக்கிற காசை மிச்சம் பிடிக்கத்தான் உங்க மரத்தைக் கேக்குறாங்க. அப்படின்னா பேரம் உங்க கையில இருக்கு. ஊரா சேர்ந்து உக்காந்து பேசுங்க, தரகரைத் தனித்தனியா வீட்டுக்குள்ள விடாதீங்க.