ஸ்லிப்ஜாயின்ட் கத்திக்குத் தமிழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

திங்கள் இரவு. பிரிக்ஃபீல்ட்ஸ், மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர்க்கு வணக்கம். மலேசியாவிலிருந்து பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக மூன்று மொழிகளில் ஒரு கையேடு தயாராகிறது. தமிழ்ப் பகுதி என் தலையில் விழுந்தது. வாடகை வீடு, வங்கிக் கணக்கு, குளிருக்கு உடுப்பு எல்லாம் ஒப்பேற்றிவிட்டேன். பையில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்ற பக்கத்தில் ஒரு வரி மட்டும் நகர மாட்டேன் என்கிறது.

விஷயம் இதுதான். அங்கே காரணம் காட்டத் தேவையில்லாமல் வெளியில் எடுத்துச் செல்லக்கூடிய கத்தி ஒரே வகைதான். மடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. விரித்த பிறகு பூட்டிக்கொள்ளக் கூடாது. கடைகளில் அதை ஸ்லிப்ஜாயின்ட் என்று விற்கிறார்கள். மலாய்ப் பகுதி எழுதும் தோழி ‘பீசாவ் லிப்பாட் தன்பா குன்சி’ என்று தட்டிவிட்டு தே தாரிக் குடிக்கப் போய்விட்டார். நான் மூன்று நாளாக அதே வரியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த வரியில், பூட்டுள்ள கத்தியை இந்த விதிக்குள் அடங்கும்படி மாற்றிக்கொள்வது பற்றி வருகிறது. ஆகவே இரண்டு வகையையும் பிரித்துக் காட்டும் சொல்லாக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போகிறது. ‘வழுக்குமூட்டு’ என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். நானே எழுதிப் பார்த்துவிட்டேன். எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டிய வியாதி மாதிரி இருக்கிறது.

செவ்வாய் விடிகாலை. பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. தாழிலா மடிகத்தி.

மடிகத்தி வினைத்தொகை. மடிந்த, மடிகின்ற, மடியும் என முக்காலத்துக்கும் பொருந்தும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. நடுவில் ஒரு க் செருகிவிட வேண்டாம். அடுத்து, பூட்டு என்று எழுதத்தான் உங்கள் கை போகும், தெரியும். ஏரில் மாடு பூட்டுவோம், தேரில் குதிரை பூட்டுவோம். இணைப்பதுதான் அந்த வினைக்கு வேலை. அடைத்து நிறுத்துவதற்குத் தாழ் என்ற சொல் உண்டு. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்’ என்று பள்ளிப் பிள்ளையும் ஒப்பிக்கும். தாழ் என்பதோடு கோல் சேர்ந்தால் இடையில் அக்குச் சாரியை வந்து தாழக்கோல் ஆகும் என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. அவ்வளவு பழைய தாழக்கோலை விட்டுவிட்டு நாம் சாவி என்கிறோம். அது போர்த்துகீசியர் போட்டுவிட்டுப் போனது. பேனாக்கத்தியின் பேனாவும் அவர்களுடையதே. கையேட்டில் எங்காவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

செவ்வாய் பிற்பகல். கெப்போங், இடைநிலைப்பள்ளி ஆசிரியை:

ஐயா, மன்னிக்க வேண்டும். இன்று நான்காம் படிவ மாணவர்களிடம் உங்கள் சொல்லை எழுதாமல் வாயால் சொல்லிப் பார்த்தேன். “தாலி இல்லாத கத்தியா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். வகுப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. எழுதிக் காட்டிய பிறகு ஒருத்தி, “மடியில் வைக்கிற கத்தி” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லையே? மடிகத்தி என்றால் மடியில் மறைத்து வைத்த கத்தி என்றுதான் முதலில் தோன்றுகிறது. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். அந்தப் பயம் வேண்டாம் என்பதற்குத்தானே இந்தக் கையேடே?

செவ்வாய் இரவு. செந்தூல், பட்டறைக்காரன்:

சொல்லுக்கு முன்னால் கத்தியைப் பாருங்கள். என் மேசையில் மூன்று கிடக்கின்றன.

முதலாவது, ஸ்லிப்ஜாயின்ட். பிடியின் முதுகில் ஒரு பட்டை வில். அலகின் அடிப்பக்கம் அந்த வில்லில் உரசிக்கொண்டே திரும்பும். விரிக்கும்போது வில் எழும்பி, அலகு முழுதும் விரிந்ததும் ‘டக்’கென்று இறங்கி அழுத்திப் பிடிக்கும். பூட்டு எதுவும் கிடையாது, ஆனால் சும்மா ஆடவும் ஆடாது. கொஞ்சம் பலம் கொடுத்து மடக்கினால் மறுபடி ஒரு டக், மடங்கிவிடும். 91 மில்லிமீட்டர் சுவிஸ் கத்தி வைத்திருப்பவர்கள் காதருகே வைத்து விரித்துப் பாருங்கள், கேட்கும்.

இரண்டாவது, லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் தகட்டில் ஒரு நாக்கை வெட்டி வளைத்து விட்டிருப்பார்கள். அலகு விரிந்ததும் நாக்கு பக்கவாட்டில் நகர்ந்து பின்னால் முட்டுக்கொடுக்கும். அதை விரலால் தள்ளினால்தான் மடங்கும். ஒரு முறை ஆர்வக்கோளாறில் அந்த நாக்கை அரத்தால் ராவி எடுத்துவிட்டேன். பூட்டு போயிற்று. ஆனால் முதுகில் வில் கிடையாதே! கொண்டி கழன்ற கதவு மாதிரி ஆட ஆரம்பித்தது. அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழிக்கும்போது மடங்கி, ஆள்காட்டி விரலில் இரண்டு தையல். ஆக, பூட்டை எடுத்துவிட்டால் மட்டும் ஸ்லிப்ஜாயின்ட் ஆகிவிடாது. ‘பூட்டில்லாத’ என்று பெயர் வைத்தால் விரலை வெட்டின கத்தியும் வெட்டாத கத்தியும் ஒரே பெயரில் போகும்.

மூன்றாவது, பிரெஞ்சுக்காரர்களின் ஓப்பினெல், எண் 6. கழுத்தில் திருகுகிற வளையம், 1955இல் வந்த ஏற்பாடு. திருகினால் பூட்டு. எண் 5 வரையுள்ள குட்டிக் கத்திகளில் வளையமே கிடையாது. இதில் வளையத்தை இடுக்கியால் விரித்துக் கழற்றினேன். பூட்டு போனது, மிச்சம் மரப்பிடியின் உராய்வு மட்டும். அலகு 3 அங்குலத்துக்குள் அடங்குகிறது. ஆனால் நம் ஊர் ஈரத்தில் மரம் ஊதி, நகம் பெயர்கிற அளவுக்கு இறுகிக் கிடக்கிறது. அங்கே ஹீட்டர் போட்ட அறையில் காய்ந்தால் தளர்ந்துவிடும். பூட்டுள்ளதை வாங்கி, பூட்டை அறுத்துக் கழற்றுவதைவிட முதல் வகையையே வாங்கச் சொல்லி எழுதுங்கள். அதற்கென்றே செய்கிறார்கள், ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கத்தி ஒன்றுக்குப் பெயரே யூகே பென்நைஃப்.

என் ஓட்டு: முதுகுவில் கத்தி. செய்கிற வேலையைச் சொல்கிறது.

புதன் காலை. ஜார்ஜ்டவுன், வழக்கறிஞர்:

பட்டறை நண்பர் இயந்திரத்தைச் சொல்லிவிட்டார், நான் சட்டத்தைச் சொல்கிறேன். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், 139ஆம் பிரிவில் பூட்டு என்ற பேச்சே கிடையாது. மடக்கும் பாக்கெட் கத்திக்கு விலக்கு, 3 அங்குலத்தைத் தாண்டினால் விலக்கு இல்லை, அவ்வளவுதான். பூட்டுக் கணக்கை நுழைத்தது நீதிமன்றம், 1992இல், ஹாரிஸ் வழக்கில். எந்த நேரத்திலும், மடக்கினாலே உடனே மடங்க வேண்டும். இடையில் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தால் அது மடக்குக்கத்தி ஆகாது என்றார்கள். ஆகவே கத்தியில் என்ன இல்லை என்று பார்க்காமல், என்ன செய்கிறது என்று பாருங்கள். உடன்மடி கத்தி. குற்றம் செய்யும் எண்ணத்தோடு வைத்திருந்தால் எந்த அங்குலமும் காப்பாற்றாது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, தடித்த எழுத்தில் போட வேண்டியது. இது அங்கே உள்ள அளவுகோல். மலேசியாவில் 357ஆம் சட்டம், 6ஆம் பிரிவு: உரிய அதிகாரமோ சட்டபூர்வமான நோக்கமோ இல்லாமல் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, ரோத்தான் என்கிற பிரம்படியும் உண்டு. அங்குலக் கணக்கெல்லாம் அந்தப் பிரிவில் இல்லை. கையேட்டைப் படித்துவிட்டு யாராவது லெபோ பாசாரில் சோதனைக்குச் சிக்கி என்னைக் கூப்பிட வேண்டாம்.

புதன் மாலை. பட்டர்வொர்த்:

உடன்மடி! கணவன் மாண்டதும் உடன் மடிந்தாள் என்று எழுதுகிற மொழி இது. கத்தியை உடன்கட்டை ஏற்றப் போகிறீர்களா? கெப்போங் அம்மையாருக்கு: தாழும் தாலியும் ஒன்றாகக் கேட்கிறது என்றால் குறை சொல்லில் இல்லை, நாக்கில் இருக்கிறது. சொல்லை மாற்றுவதைவிட ழகரத்தைச் சொல்லிக்கொடுப்பது நல்லது. மடி என்றால் சோம்பலும்தான். மடியின்மை என்று ஓர் அதிகாரமே உண்டு. அதற்காக மடிப்பை மடிப்பு என்று சொல்லாமல் இருக்கிறோமா?

முதுகுவில் கத்தி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வில்லோடு கத்தியைச் சேர்த்தால் புணர்ச்சியில் விற்கத்தி ஆகுமே, விற்கிற கத்தி என்று படிப்பார்களே.

புதன் இரவு. கிள்ளான், வாசகர்:

கத்தி என்ற சொல்லே தமிழா என்று முதலில் பார்க்க வேண்டாமா? கத்தரி, கத்தி எல்லாம் வடமொழியிலிருந்து வந்தவை என்று என் சித்தப்பா சொல்வார்.

புதன் நள்ளிரவு. செந்தூல்:

தெலுங்கில் கத்தி, கன்னடத்தில் கத்தி, மலையாளத்தில் கத்தி. உங்கள் சித்தப்பா தூங்கட்டும். நாளை மறுநாள் அச்சகம்.

வியாழன் இரவு. பிரிக்ஃபீல்ட்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: பூட்டில்லா என்பதற்கு ஆறு பேர், முதுகுவில்லுக்கு மூன்று, தாழிலாவுக்கு ஐயா ஒருவர், உடன்மடிக்கு அதைச் சொன்னவரே இப்போது ஓட்டுப் போடவில்லை. தனி மடலில் வந்த ஓட்டுகளையும் சேர்த்துத்தான். அம்மாவிடமும் கேட்டேன். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், கத்தி பிடித்த கை. “பூட்டு இல்லாத மடக்குக்கத்தின்னு சொல்லு, புரியும்” என்றார்.

ஆக அச்சில் இப்படிப் போகிறது: ‘பூட்டில்லா மடக்குக்கத்தி’, முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஸ்லிப்ஜாயின்ட் என்று. பட்டறை நண்பரின் விரலுக்கு மரியாதையாக, மாற்றியமைத்ததை ‘பூட்டு கழற்றிய கத்தி’ என்று தனியாகப் பிரித்து, அது கையில் மடங்கிவிடக்கூடும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். முதுகுவில் என்பது விளக்கப் படத்தில் வருகிறது. வழக்கறிஞர் சொன்ன மலேசியச் சட்டம் கட்டம் போட்டுத் தடித்த எழுத்தில். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, க் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். மடக்கு என்பதைப் பெயராகக் கொண்டேன்.

வெள்ளி விடிகாலை. பட்டர்வொர்த்:

மடக்கு பெயரானால் க் சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. பூட்டில் உண்டு. இரண்டாம் பதிப்பு வரும்போது தாழைப் பற்றி மறுபடி எழுதுவேன்.

வெள்ளி காலை. செந்தூல்:

படத்தைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். வாசகத்தில் ‘அலகு 3 அங்குலம்’ என்று வருகிறது. பள்ளியில் அலகு என்றால் சென்டிமீட்டர், கிலோகிராம், இல்லையா? என் மகன் படித்துவிட்டு, “அப்பா, அலகு அங்குலம் என்றால் சரி, அதென்ன அலகு 3 அங்குலம்?” என்கிறான். பறவை மூக்கும் அலகுதான். பிளேடு என்று போட்டுவிடலாமா? அச்சகம் பத்து மணிக்குத்தானே திறக்கும்?