முதலில் எஸ்கியூஎல்லா, ஜாங்கோவா?

புதுவரவு:
பைத்தானில் ஓரளவு நிரல் எழுதுவேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் தெரியும். தரவுத்தளத்தின் பக்கமே போனதில்லை. நூலகத்துக்கான ஓர் இணையச் செயலியை எழுதிப் பழகலாம் என்றிருக்கிறேன்: நூல்கள், உறுப்பினர்கள், யார் எதை எப்போது இரவல் வாங்கினார், எப்போது திருப்பித் தந்தார். ஒருவர் நேராக ஜாங்கோவில் (பைத்தானில் இணையச் செயலி கட்ட உதவும் சட்டகம்) இறங்கச் சொல்கிறார். இன்னொருவர் தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்கியூஎல் தெரியாமல் அதைத் தொடவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வேகநடை:
ஜாங்கோவிலேயே இறங்குங்கள். ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில், அவசரத்துக்குத் தளங்கள் கட்டுவதற்கென்றே பிறந்து 2005-இல் வெளியானது அது. நூலுக்கு ஒரு கிளாஸ் எழுதினால் மைக்ரேஷன், அதாவது அந்தக் கிளாஸைத் தரவுத்தள மாற்றமாக்கும் கோப்பு, அட்டவணையை உருவாக்கிவிடும். தரவைச் சேர்க்கவும் திருத்தவும் நிர்வாகப் பக்கம் தயாராகக் கிடைக்கும். கடவுச்சொல்லை ஹேஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றி) சேமிப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். எஸ்கியூஎல்லை முடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்களில் பலர் ஜாயின் (அட்டவணைகளை இணைத்துப் படிப்பது) வகைகளை மனப்பாடம் செய்ததோடு சரி. ஒரு பக்கத்தைக்கூடத் திரையில் கொண்டுவந்ததில்லை.

அட்டவணைக்காரர்:
நிர்வாகப் பக்கம் கிடைக்கும், உண்மைதான். எந்த அட்டவணைகளுக்குக் கிடைக்கும் என்பதை மட்டும் வேகநடை சொல்லாமல் விட்டுவிட்டார். நூலகச் செயலி எழுதும் புதியவர் பெரும்பாலும் நூல் அட்டவணையிலேயே 'எடுத்தவர்' என்று ஒரு நெடுவரிசையைச் சேர்ப்பார். தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகவே ஓடும். நூல் திரும்பி வந்ததும் அந்தக் கட்டத்தைக் காலி செய்வார். அத்துடன் அந்த நூலின் வரலாறும் போய்விடும். ஒரே நூலுக்கு மூன்று பிரதிகள் வாங்கினால் என்ன செய்வார்? ஆசிரியர்கள் இருவர் என்றால் காற்புள்ளி போட்டு ஒரே கட்டத்தில் இரண்டு பெயர்கள். ஜாங்கோ இதில் எதையும் தடுக்காது. உங்கள் தப்பைப் பொறுப்பாக மைக்ரேஷன் ஆக்கிக் கொடுக்கும்.

ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தரவை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கும் உறவுநிலை மாதிரியை முன்வைத்தது 1970-இல். எஸ்கியூஎல், ஆன்சி என்ற அமெரிக்கத் தர அமைப்பின் தரமானது 1986-இல். ஜாங்கோ, அதைப் போன்ற ரெயில்ஸ், லாராவெல் எதை எடுத்தாலும் வழக்கமாக அடியில் ஓடுவது அதுதான்.

வேகநடை:
நீங்கள் சொல்வது அட்டவணை வடிவமைப்பு. அதையும் எஸ்கியூஎல்லையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். தரவைப் படிக்கும் எஸ்கியூஎல் கட்டளையான செலக்ட்டைச் சரளமாக எழுதுகிறவர்களும் அதே காற்புள்ளியைப் போடுகிறார்கள்.

மேலும், கையால் வினவல் எழுதும் புதியவர் தேடல் பெட்டியில் வந்ததை அப்படியே வினவலின் எழுத்துச் சரத்தோடு ஒட்டுவார். யாராவது ஒற்றை மேற்கோள் குறியை உள்ளிட்டால் வினவல் உடையும். விவரம் தெரிந்தவர் உள்ளிட்டால் உறுப்பினர் விவரம் மொத்தமும் வெளியே போகும். ஓஆர்எம்மை (கிளாஸ்களை வைத்தே தரவுத்தளத்தோடு பேசவிடும் ஜாங்கோவின் பகுதி) அதன் வழக்கப்படி பயன்படுத்தினால் இந்த ஓட்டை முதலிலேயே அடைபட்டிருக்கும்.

அட்டவணைக்காரர்:
எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்துக்காகப் பைத்தானோடு வரும் தொகுப்பில், மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாக அனுப்பினால் அதுவும் அடைபட்டுவிடும். இதை முதல் நாளிலேயே கற்றுக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் ஓஆர்எம்முக்கு வருவோம். 100 இரவல்களை ஒரு பக்கத்தில் காட்டுகிறோம்; ஒவ்வொன்றிலும் நூலின் தலைப்பும் உறுப்பினரின் பெயரும் வேண்டும். பக்கத்தின் வார்ப்புருவான டெம்ப்ளேட்டில் 'இரவல்.நூல்.தலைப்பு' என்பதுபோல் வெறும் புள்ளி வைத்து எழுதிவிடலாம், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். தரவுத்தளத்துக்குப் போவது எத்தனை வினவல்கள்? இரவல் பட்டியலுக்கு 1, தலைப்புகளுக்கு 100, பெயர்களுக்கு 100. ஆக 201. உங்கள் கணினியில் பத்து வரிசைகளை வைத்துச் சோதிக்கும்வரை இது கண்ணிலேயே படாது.

வேகநடை:
செலக்ட்_ரிலேட்டட் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் 201 ஒன்றாகிவிடும். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

அட்டவணைக்காரர்:
அந்தச் சொல் உள்ளே ஜாயினாக மாறுகிறது. ஜாயின் என்றால் என்னவென்று தெரியாதவர் அதை எங்கே சேர்ப்பார்? எல்லா இடத்திலும் தூவி வைப்பார்.

ஜேசன்பிரியர்:
இத்தனை அட்டவணைகள் எதற்கு? அட்டவணைக்குப் பதில் ஆவணங்களாகச் சேமிக்கும் மாங்கோடிபியில் ஒரே ஆவணமாகப் போட்டுவிடலாமே.

இரவுப்பணி:
ஓர் உறுப்பினர் பல நூல்களை எடுக்கிறார். ஒரு நூலைப் பலர் எடுக்கிறார்கள். ஜேசன்பிரியர் எதை எதற்குள் வைப்பார்? மாங்கோவுக்கு ஏற்ற வேலைகள் வேறு இருக்கின்றன.

நான் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன், செயலி ஓடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வேலை. இருவரும் தொடாத ஓர் இடத்தைச் சொல்கிறேன். ஒரு நூலின் ஒரே ஒரு பிரதி மிச்சம். இருவர் ஒரே நொடியில் 'எடு' பொத்தானை அழுத்துகிறார்கள். முதல் கோரிக்கை இருப்பைப் படிக்கிறது: 1. இரண்டாவதும் படிக்கிறது: 1. இரண்டுமே ஒன்றைக் கழித்து 0 என்று எழுதுகின்றன. பிழைச்செய்தி எதுவும் வராது. பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும், ஒரே பிரதி இருவர் பெயரில் இருப்பதைத் தவிர.

படித்துப் பார்த்துப் பிறகு எழுதுவது என்ற முறையே இங்கே தவறு. 'இருப்பு 0-க்கு மேல் இருந்தால் ஒன்றைக் கழி' என்று ஒரே அப்டேட் (வரிசையைத் திருத்தும்) கட்டளையாக அனுப்பி, எத்தனை வரிசைகள் மாறின என்று பார்க்க வேண்டும். 1 என்றால் நூல் உங்களுக்கு. 0 என்றால் வேறொருவர் முந்திக்கொண்டார். இதைவிட நல்ல வழி, எண்ணிக்கையே வைக்காமல் ஒவ்வொரு பிரதிக்கும் தனி வரிசை வைப்பது. 'திரும்பிய தேதி வெறுமையாக உள்ள இரவல் ஒரு பிரதிக்கு ஒன்றுக்கு மேல் கூடாது' என்று தரவுத்தளத்திலேயே தனித்துவ இண்டெக்ஸ் போட்டுவிட்டால், நிரலில் எந்த மூலையில் பிழை இருந்தாலும் இரண்டாவது இரவல் உள்ளே நுழையாது.

வேகநடை:
நிபந்தனையோடு கூடிய அந்தத் தனித்துவக் கட்டுப்பாட்டை ஜாங்கோ மாடலிலேயே (அட்டவணையை விவரிக்கும் கிளாஸிலேயே) எழுதலாம், 2019-இல் வந்த 2.2 பதிப்பிலிருந்து.

இரவுப்பணி:
எழுதலாம். அப்படியொன்று வேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் தரவுத்தளம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வந்து சேரும் செயலிகளில் அதைப் பார்ப்பதே அபூர்வம்.

புதுவரவு:
தாளில் வரைந்து பார்த்தேன். நூல், ஆசிரியர், இரண்டையும் இணைக்கும் ஓர் அட்டவணை, பிரதி, உறுப்பினர், இரவல் என்று ஆறு வந்தன. ஜாங்கோவில்தான் எழுதப் போகிறேன். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் முடித்ததும் அது அனுப்பிய வினவல்களை டீபக் டூல்பார் என்ற ஜாங்கோ துணைக்கருவியில் பார்த்து, அதே விடையை எஸ்கியூஎல்லில் கையால் எழுதி வாங்க முயல்வேன். தாமதக் கட்டணத்தை எந்த வகையில் சேமிப்பது? ஃப்ளோட் என்ற தசம எண் வகை போதுமா?

அட்டவணைக்காரர்:
பணத்துக்கு ஃப்ளோட் ஆகவே ஆகாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-க்குச் சமமா என்று பைத்தானிடமே கேட்டுப் பாருங்கள், இல்லை என்றுதான் சொல்லும்.

வேகநடை:
பின்னத்தைத் துல்லியமாக வைக்கும் ஜாங்கோ வகையான டெசிமல்ஃபீல்டு போடுங்கள், முடிந்தது.

அட்டவணைக்காரர்:
ஜாங்கோ இயல்பாக எடுத்துக்கொள்வது எஸ்கியூலைட்டை. அதில் டெசிமல் என்ற சேமிப்பு வகையே கிடையாது. பின்னம் வந்தால் உள்ளே ஃப்ளோட்டாகத்தான் உட்காரும். மிகச் சிறிய நாணய அலகில், முழு எண்ணாக வைக்கட்டும்.

வேகநடை:
அல்லது டெசிமல் வகை உள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தொடங்கட்டும். அதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

அட்டவணைக்காரர்:
அதை மட்டும்.