அப்பா மாலையில் பார்க்க நல்ல நிகழ்ச்சி எதாவது சொல்லுங்களேன்

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலியில் மாலை நடை நின்றுபோனதிலிருந்து ஆறு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து வரை எழுவதில்லை. பார்ப்பது சீரியல், இல்லையென்றால் செய்தி விவாதம்.

நேற்று ஒரு சீரியலில் மருமகள் கையிலிருந்த காபி டம்ளர் நழுவியது. வீட்டிலிருக்கிற ஒவ்வொருவர் முகத்துக்கும் ஒரு இடிச் சத்தம் போட்டுவிட்டு விளம்பரத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தபோதும் டம்ளர் விழுந்துகொண்டேதான் இருந்தது. விளம்பரம் மணிக்கு 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று விதி உண்டு. கதையை இழுப்பதற்கு விதி ஏதும் இல்லை போல! விவாதமோ இன்னும் மோசம். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்த, அவர்களைப் பார்த்து அப்பாவும் கத்துகிறார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற ஆள்.

அவருக்குப் பிடித்தவை கச்சேரி, பட்டிமன்றம், விவசாயம். பொதிகை காலத்து ரசனை. 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் ஆன பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. மாலையில் அதில் என்ன வருகிறது? பார்க்கிறவர்கள் நிகழ்ச்சியும் நேரமும் சொன்னால் நல்லது. அப்புறம், மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்கள், அதில் உருப்படியான தமிழ் சேனல்கள் எவை என்றும் சொல்லுங்கள்.

யூட்யூப் வேண்டாம். ரிமோட்டில் எழுத்து எழுத்தாகத் தேட அவருக்குப் பொறுமை இல்லை, நம்பரை அழுத்தினால் வர வேண்டும். சீரியலை அடியோடு நிறுத்தச் சொல்லாதீர்கள். ஏழரை மணி சீரியலுக்கு அம்மாவும் கூட்டு.