தருமபுரி பக்கம் உருப்படியான போர்க் சாசேஜ் கிடைக்குமா, இல்ல பெங்களூருக்கே ஓடணுமா?

பென்னாகரத்தான்:
வணக்கம் மக்களே. பெங்களூர்ல ஏழு வருஷம் இருந்துட்டு போன வருஷம் தான் ஊர்ப்பக்கம் வந்து செட்டில் ஆனோம், வேலை வீட்ல இருந்தே. எல்லாம் ஓகே, ஒரே குறை, பையன் காலையில முட்டையோட சாசேஜ் சாப்ட்டு பழகிட்டான். தருமபுரி டவுன்ல நாலு சூப்பர் மார்க்கெட் ஏறி இறங்கிட்டேன். ஃப்ரீசரைத் திறந்தா சிக்கன் சாசேஜ், சிக்கன் நக்கட்ஸ், பட்டாணி, ஸ்வீட் கார்ன், திரும்ப சிக்கன். போர்க் இருக்கான்னு கேட்டா பில் போடற பொண்ணு ஓனரைப் பாக்குது, ஓனர் என்னைப் பாக்கறாரு. கடைசியில ஒரு கடையில கிடைச்சுது, 250 கிராம் 165 ரூபா. வாணலியில போட்டா தண்ணி விட்டு நுரைச்சு விரல் சைஸ்ல இருந்தது பாதியா சுருங்கிப் போச்சு. பையன் ஒரு கடி கடிச்சுட்டு "அப்பா இது எரேசரா"ன்னு கேட்டான். நல்லதா, விலையும் கட்டுப்படியாகற மாதிரி நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்குள்ள எங்க கிடைக்கும்?

ஓசூர் ரோஜா:
ஓசூர் வாங்க சார். இங்க பெங்களூர் ஆளுங்க நிறைய குடி வந்துட்டதால பெரிய கடைங்கள்ல போர்க் சாசேஜ், பேக்கன், சலாமி எல்லாம் சாதாரணமா வைக்கறாங்க. நான் 500 கிராம் பாக்கெட் 390க்கு வாங்கறேன், நல்லாவே இருக்கு. தருமபுரி கடைக்காரரையும் குத்தம் சொல்ல முடியாது, மாசத்துக்கு நாலு பாக்கெட் தான் போகும்னா அவர் எதுக்கு ஃப்ரீசர்ல இடம் ஒதுக்குவாரு, அதுலயும் பக்கத்துல பன்னிக்கறி இருக்குன்னு தெரிஞ்சா ஐஸ்கிரீம் கூட எடுக்காம போற கஸ்டமர் இருக்காங்க.

மாங்கொட்டை:
ஒரு சாசேஜுக்கு தருமபுரியில இருந்து ஓசூரா? போக வர 200 கிலோமீட்டர் கிட்ட வருது, டோல் வேற. அந்த பெட்ரோல் காசுக்கு பையனுக்கு ரெண்டு வாரம் பிரியாணி வாங்கித் தரலாம். 165 ரூபா பாக்கெட்டையே வேற மாதிரி சமைச்சுப் பாருங்க ப்ரோ, வெங்காயம் குடமிளகாய் சோயா சாஸ் போட்டு வறுத்தா எல்லா சாசேஜும் ஒண்ணு தான்.

கணக்குப்பிள்ளை:
ஒண்ணு இல்ல. பாக்கெட்டைத் திருப்பி பின்பக்கம் படிங்க. எது எடையில அதிகமோ அதை முதல்ல போட்டு இறங்குவரிசையில தான் எழுதணும், அது சட்டம். அந்த 165 ரூபா சரக்கு எனக்கும் தெரியும், போர்க் 48%, அடுத்தது தண்ணி, அப்புறம் சோயா புரோட்டீன், ஸ்டார்ச். 250 கிராம்ல கறி 120 கிராம் தான். அப்போ கறி கிலோ 1375 ரூபா ஆச்சு. ரோஜா மேடம் சொல்ற மாதிரி 390 ரூபா பாக்கெட்ல 65% கறின்னு வைங்க, 325 கிராம் வருது, கிலோ 1200. சீப்புன்னு நினைச்சு வாங்கினது தான் காஸ்ட்லி. மிச்ச காசு தண்ணிக்கும் மாவுக்கும் கொடுக்கறோம்.

மாங்கொட்டை:
அட போங்கண்ணா. இட்லியில உளுந்து எத்தனை பர்சன்ட்னு கணக்குப் போட்டா திங்கறீங்க?

கணக்குப்பிள்ளை:
உளுந்து கம்மியா போட்ட இட்லியை சுவத்துல அடிச்சா திரும்பி வருது இல்ல, அதான் பென்னாகரத்தார் பையன் எரேசர்ங்கறான்.

மாங்கொட்டை:
சரி அது ஓகே 😄 ஆனா கையில 165 ரூபா தான் இருக்குன்னா 390 பாக்கெட் எப்படி வாங்குவான்? கிலோ கணக்கெல்லாம் மொத்தமா காசு வெச்சிருக்கறவன் பேசற பேச்சு. சின்ன பாக்கெட் ஏன் ஓடுதுன்னா சம்பளம் சின்னது, அவ்ளோ தான்.

ஓசூர் ரோஜா:
இதுல மாங்கொட்டை சொல்றது நியாயம். ஆனா ஒரு விஷயம், பர்சன்டேஜை விட முக்கியம் ஃப்ரீசர். பாக்கெட்ல மைனஸ் 18 டிகிரின்னு போட்டிருப்பாங்க, எத்தனை கடையில அது நடக்குது? ராத்திரி கரன்ட் மிச்சம் பண்றேன்னு ஃப்ரீசரை ஆஃப் பண்ணிட்டுப் போற கடை எனக்கே தெரியும், பேர் வேண்டாம், அங்க வாங்கின பாக்கெட்டை ஒரு தடவை பிரிச்சப்ப நாத்தம் தாங்காம அப்படியே குப்பையில போட்டேன். இப்போ நான் பாக்கறது என்னன்னா, பாக்கெட்டை கையில எடுத்து லேசா மடக்கிப் பாப்பேன். உள்ள ஒவ்வொண்ணும் தனித்தனியா கடகடன்னு உருளணும். எல்லாம் ஒட்டி ஒரே கட்டியா இருந்தா, இல்ல மூலையில பொடி ஐஸ் சேர்ந்து நின்னா, ஒரு தடவை உருகி திரும்ப உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். எவ்ளோ நல்ல கம்பெனியா இருந்தாலும் அதைத் தொடாதீங்க.

பென்னாகரத்தான்:
ஐயோ நான் வாங்கினது கட்டியா தான் இருந்துச்சு. கத்தியை நடுவுல விட்டு நெம்பித் தான் பிரிச்சேன்.

கேஆர்பி டேம்:
எல்லாரும் விலையைப் பேசறீங்க, சின்ன பையனுக்கு தினமும் காலையில சாசேஜா? 2015லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பதப்படுத்தின இறைச்சியை முதல் பிரிவுல வெச்சாச்சு, அதாவது மனுஷனுக்கு கேன்சர் வரவைக்கும்னு போதுமான ஆதாரம் இருக்குன்னு. தினம் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18% கூடுதுன்னு அதே அறிக்கையில இருக்கு. அந்த ரோஸ் கலர் எப்படி வருதுன்னு நினைக்கறீங்க? சோடியம் நைட்ரைட், லேபிள்ல 250னு நம்பர் போட்டிருக்கும்.

மாங்கொட்டை:
வந்துட்டாருய்யா டாக்டர். சிகரெட்டும் அதே முதல் பிரிவு தான், அதுக்காக ரெண்டும் ஒரே அளவு ஆபத்துன்னு ஆயிடுமா? ஆதாரம் எவ்ளோ உறுதின்னு தான் அந்த பிரிவு சொல்லுது, எவ்ளோ கொல்லும்னு இல்ல. 18% கூடும்ங்கறதும் ஏற்கெனவே இருக்கற சின்ன வாய்ப்புல 18%.

கேஆர்பி டேம்:
அதை நான் மறுக்கல. வாரம் ஒரு நாள் கொடுங்க, தினமும் வேண்டாம். இதைச் சொன்னா டாக்டரா?

கோயிலூர்க்காரன்:
இவ்ளோ நேரம் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா பாதி வீட்ல பன்னிக்கறி தான், கிறிஸ்மஸ்னா சொல்லவே வேண்டாம். பண்ணையில வளர்ற வெண்பன்னி, கிலோ 340க்கு வாங்கறோம். இதை வெச்சுக்கிட்டு எவனோ எங்கயோ மாவு கலந்து அடைச்சதை ஃப்ரீசர்ல தேடறீங்களே. வீட்லயே பண்ணுங்க தம்பி. முன்னந்தொடைக் கறியும் கொழுப்பும் சேர்த்து வாங்கணும், கொழுப்பு கால்வாசிக்குக் குறையக்கூடாது, வெறும் சதையா போட்டா வறட்டி மாதிரி வரும். கிலோவுக்கு 18 கிராம் உப்பு, மிளகு, பூண்டு, கொஞ்சம் சோம்பு, அவ்ளோ தான்.

கேஆர்பி டேம்:
ஊர்க்கறியில தான் நாடாப்புழு வரும், மூளைக்குப் போயி வலிப்பு வரும்னு சொல்றாங்களே அண்ணே. டாக்டர் சீல் எல்லாம் யார் பாக்கறா?

கோயிலூர்க்காரன்:
பாதி சரி பாதி தப்பு. புழுக்கட்டி இருக்கற கறியை அரைவேக்காட்டுல தின்னா குடல்ல நாடாப்புழு வரும். மூளைக்குப் போறது அந்தப் புழுவோட முட்டை, அது புழு இருக்கற மனுஷனோட மலத்துல இருந்து தண்ணி, கீரை, கழுவாத கை வழியா வருது. கறியே தொடாத சைவக்காரங்களுக்கும் அது வந்திருக்கு. தெருவுல மேயற பன்னியை வாங்காதீங்க, பண்ணைப் பன்னி வாங்கி நடுவுல ரோஸ் இல்லாம வேக வைங்க. தெர்மாமீட்டர் இருந்தா உள்ள 71 டிகிரி.

ஓசூர் ரோஜா:
அண்ணே எல்லாம் சரி, எதுல அரைக்கறது? எங்க வீட்டு மிக்ஸி ஜார்ல பன்னிக்கறி போட்டா அப்புறம் எங்க அத்தை அந்த ஜாரைத் தொடவே மாட்டாங்க. சட்னிக்கு புது ஜார் வாங்கணும். கணக்குப்பிள்ளை சார், அதையும் சேர்த்து கிலோ எவ்ளோன்னு போடுங்க.

கணக்குப்பிள்ளை:
மசாலா எல்லாம் சேர்த்து கிலோ 380. ஜார் 600ன்னாலும் முதல் கிலோ 980, அப்பவும் பாக்கெட்ல வர்ற கறியோட கிலோ கணக்கை விட கம்மி தான். ரெண்டாவது கிலோவுல இருந்து லாபம். அத்தை கோவத்துக்கு என்கிட்ட கணக்கு இல்ல.

மாங்கொட்டை:
நேரத்துக்கு? பாத்திரம் கழுவறதுக்கு? ஞாயித்துக்கிழமை பாதி நாள் போச்சு. அது யார் பண்றாங்கன்னும் சொல்லுங்க, நீங்களா இல்ல வீட்ல இருக்கற லேடீஸா?

பென்னாகரத்தான்:
(பத்து நாள் கழிச்சு) ரிப்போர்ட். நானே தான் பண்ணேன் மாங்கொட்டை ப்ரோ, பாத்திரமும் நானே. முதல் தடவை சொதப்பல். கறியை அப்படியே மிக்ஸியில ஓட்டினேன், சூட்டுல கொழுப்பு உருகி பேஸ்ட் மாதிரி ஆகி, தவாவுல போட்டதும் எண்ணெய் தனி கறி தனியா பிரிஞ்சுடுச்சு. ரெண்டாவது தடவை கறி, கொழுப்பு, ஜார், பிளேடு எல்லாத்தையும் அரை மணி நேரம் ஃப்ரீசர்ல வெச்சுட்டு விட்டு விட்டு நாலு சுத்து தான். கையில பிசைஞ்சா விரல்ல பிசுபிசுன்னு ஒட்டணும், அந்த பதம் வந்தா உடையாது. கறியை அடைக்கற குடல் உறை எல்லாம் கிடைக்கல, வாழை இலையில உருட்டி ஆவியில வெச்சு எடுத்து அப்புறம் வறுத்தேன். நைட்ரைட் இல்லாததால கலர் பழுப்பு தான், ரோஸ் வராது. பையன் பாத்துட்டு இது சாசேஜ் இல்ல கோலா உருண்டைன்னான், ஆனா நாலு சாப்ட்டான். ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாளைக்கு மேல வைக்காம மிச்சத்தை ஃப்ரீசர்ல போட்டுட்டேன்.

அதோட போன வாரம் ஆபீஸ் வேலையா பெங்களூர் போனப்ப வர்ற வழியில ஓசூர்ல ரோஜா மேடம் சொன்ன மாதிரி உருள்ற பாக்கெட்டா பாத்து ரெண்டு எடுத்தேன். தெர்மாகோல் பெட்டியில ஐஸோட கொண்டு வந்தேன், பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, கல்லு மாதிரியே இருந்துச்சு. அதுவும் நல்லா தான் இருக்கு, பொய் சொல்லக்கூடாது. அவசரத்துக்கு அது, ஞாயித்துக்கிழமை இது.

மாங்கொட்டை:
அப்போ ரெண்டு பக்கமும் காசு போச்சு 😂

கோயிலூர்க்காரன்:
தம்பி அடுத்த வாரம் கறிக்கு வர்றதுன்னா காலையில 7 மணிக்குள்ள வந்துடுங்க. 8 மணிக்கு மேல வெறும் சதை தான் இருக்கும், கொழுப்பை எல்லாம் முன்னாடியே வாங்கிட்டுப் போயிடுவாங்க.